சும்மா இருக்க ஓர் இடம்

காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கும் நம் கூட்டத்தில் என்மேல் எல்லோருக்கும் ஒரு குறை உண்டு. எனக்கு அது தெரியும். நீங்கள் கலகலவென்று போகும்போது நான் இருபதடி பின்னால் வருகிறேன். டீக்கடையில் பேச்சு ஏறத் தொடங்கினால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிறேன். "போஸ்டாபீஸ் அம்மாவுக்கு நம்ம பேச்செல்லாம் பிடிக்காது" என்று நீங்கள் சொல்வது என் காதிலும் விழத்தான் செய்கிறது.

போன வாரம் உங்களில் ஒருவர் பேத்தியைப் பற்றிச் சொன்னீர்கள். காதுகுத்து வீட்டில் மைக்செட்டும் கூட்டமும் தாங்காமல் அந்தப் பிள்ளை மாடியறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டதாம். நீங்கள் கதவைத் திறக்க வைத்து, இழுத்து வந்து, நாலு பேர் முன்னால் முதுகில் இரண்டு வைத்தீர்களாம். "எல்லாம் அடம், வேறென்ன" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. கூட்டத்தில் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு கோடையில் நடந்தது இது.

நம் திண்டுக்கல் பக்கத்து எரியோட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர். செம்மண் காடு, சோளமும் கடலையும் மிளகாயும்தான் வெள்ளாமை. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு. ஒருநாள் அவர் முறை, ஒருநாள் இவர் முறை. அந்த வருஷம் மழை இல்லை. கிணற்றில் ஊறிய தண்ணீர் ஒருவர் காட்டுக்கே பற்றவில்லை. "உன் மொறையில அடிச்சகதி வரைக்கும் வழிச்சு எறச்சுட்டயே, நான் என்னத்தடா பாய்ச்ச?" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். அப்பா பதில் சொல்வார். அவ்வளவுதான், சண்டை முடியப் பொழுது விடிந்துவிடும்.

அப்பா கத்தினால் கழுத்தில் ஒரு நரம்பு கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்து நிற்கும். எனக்கு முதலில் உள்ளங்கால் சில்லிட்டுப் போகும். பிறகு சத்தமே கேட்காது. வாய்கள் அசைவது மட்டும் தெரியும். இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரிடம் சொல்வது?

கமலை இறைப்பு உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். காளைகள் சரிவில் இறங்க இறங்க, வடம் இழுபட்டு, தோல்சால் தண்ணீரோடு மேலே ஏறி வரும். ஒருநாள் காலை அப்பாவின் முறை. நிறை சால் வாய்க்காலை எட்டும் நேரத்தில் வடம் பட்டென்று அறுந்தது. பாரம் விட்ட வேகத்தில் இரண்டு காளைகளும் குப்புற விழுந்தன. மயிலைக் காளையின் முன்னங்கால் முறிந்த சத்தம், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போலக் கேட்டது. அது வாயைத் திறந்துகொண்டு எழப் பார்த்தது, விழுந்தது, மறுபடியும் எழப் பார்த்தது.

அப்பா அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது கத்தி போட்ட அறுப்பு" என்றார். இன்று யோசித்தால், கோடை முழுக்க உரசி உரசித் தேய்ந்த வடம் அது. புதுசு மாற்றச் சொல்லி அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தாள். அன்று அதை ஞாபகப்படுத்த யாருக்கும் தைரியம் இல்லை. அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா அவர் வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று நிமிர்ந்த முகத்திலேயே அடி விழுந்தது. இரண்டு பல் தெறித்துக் கூழ்ச்சட்டிக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. பெரியப்பா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பல்லைத் தேடித் தடவினார். அவருடைய பத்தொன்பது வயது மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவரைப் பிடித்துத் தூக்கியபடி என் அப்பாவைப் பார்த்தார். போன திருவிழாவுக்கு என்னைத் தோளில் தூக்கிப் போனவர் அவர்தான். அன்று அவர் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

காலொடிந்த காளையை மறுநாள் வண்டியில் கட்டிக் கசாப்புக்குக் கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் தட்டைப் போருக்கு அடியில் போக ஆரம்பித்தேன். மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தட்டையைக் களத்து ஓரத்தில் போர் போட்டிருந்தோம். கரையான் ஏறாமல் இருக்க, முழங்கால் உயரத்துக்குக் கல் ஊன்றி, மேலே பலகைக்கல் பரப்பி, அதன்மேல் அடுக்கியிருந்தார்கள். அடியில் ஊர்ந்து போனால் ஒரு பிள்ளை படுக்கும் அளவுக்கு இடம். கோழிகள் பறித்த குழியில் மண் குளிர்ந்திருக்கும். கன்னத்தை அதில் வைத்துக்கொள்வேன். காய்ந்த தட்டையில் லேசாக ஒரு தித்திப்பு வாசம் வரும். வெளியே என்ன கூச்சல் போட்டாலும், தட்டைக்குள் நுழைந்து வரும்போது அது தூரத்து வண்டிச் சத்தம் போல மழுங்கிவிடும். மூச்சை உள்ளே இழுத்து, மண்ணை ஊதுவது போல மெதுவாக விடுவேன். ஊதுகிற இடத்தில் புழுதி விலகி ஒரு சின்னக் கிண்ணம் விழும். அது ஆழமாக ஆக, கால் சூடு பிடிக்கும். பிறகு எழுந்து வந்து, தண்ணீர் எடுக்கச் சொன்னால் எடுப்பேன், சாணி அள்ளச் சொன்னால் அள்ளுவேன். யாரும் கற்றுக்கொடுத்தது இல்லை. நானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

அம்மாவுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. "எங்கடி போய்த் தொலைஞ்ச? இம்புட்டு ரகள நடக்குது, நீ பாட்டுக்கு ஒளிஞ்சுக்கிட்ட?" என்பாள். நான் பேசமாட்டேன். புளிய விளார் இறங்கும். அப்போதும் பேசமாட்டேன். "வாயத் தொறக்குறாளா பாரு, அழுத்தக்காரி!" பெரியப்பா வீட்டுக்குப் போய் வேவு சொல்கிறேன் என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்தபோது, மிளகாய் வற்றலை அடுப்பில் போட்டு என் முகத்தை அந்தப் புகையில் பிடிக்கச் சொன்னார். அம்மாதான் பிடித்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. புகையினாலா என்று எனக்குத் தெரியாது. போருக்கு அடியில் இருந்த என் இடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடம் போய்விடும்.

வைகாசியில் ஒரு நடுப்பகல். அன்று பெரியப்பாவின் முறை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்திருந்தார். அப்பாவும் அவரும் போய் வாய்க்காலை மண்ணைப் போட்டு அடைத்துவிட்டார்கள். கிணற்றடியில் தொடங்கிய சண்டை தெருவுக்கு வந்து, எங்கள் வாசல் வரை வந்தது. கல் பறந்தது. ஒரு கல் எங்கள் அடுக்குப் பானைகளில் விழுந்து கஞ்சி தெருவில் ஓடியது. நான் களத்துப் பக்கம் ஓடி, ஊர்ந்து உள்ளே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போர் ஓரமாக இரண்டு கால்கள் வந்து நின்றன. வலது பெருவிரலில் நகம் இல்லை. அண்ணனின் கால். மண்ணெண்ணெய் வாசம் வந்தது. கால்கள் போய்விட்டன. தட்டைக்கு மேலே, தூறல் தொடங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. மழை என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் புகை இறங்கியது.

இதை நீங்கள் நம்ப வேண்டும். தீப்பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. வெளியே போகலாம், வழியும் இருந்தது. ஆனால் வெளியே சத்தம் இருந்தது. அப்பாவின் குரல், மாமாவின் குரல், பெரியப்பா பல் இல்லாத வாயால் ஓலமிடும் குரல். அதற்கு இந்தப் புகை பரவாயில்லை என்று பட்டது. கன்னத்தை மண்ணோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். கல் இடுக்கில் விழுந்த தணல் என் இடது முழங்கையில் ஒட்டியது. கத்தவில்லை. இருமல்தான் வந்துவிட்டது.

"அய்யோ, உள்ள ஆரு?" அண்ணன் திரும்பி ஓடி வந்து மண்டியிட்டுக் குனிந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணிக்கொண்டது. "ஏ பாப்பா! வெளிய வாடி! வெந்து செத்துருவடி, வா!"

அவர் கத்தினார். அவர் கத்தக் கத்த நான் உள்ளுக்குள்ளே நகர்ந்தேன்.

அண்ணன் படுத்து ஊர்ந்து உள்ளே வந்தார். என் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். நான் கல்தூணைக் கட்டிக்கொண்டேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஓரத்துக்கு வரும்போது எரிந்த தட்டைக்கட்டு ஒன்று சரிந்து அவர் முதுகிலும் கைகளிலும் விழுந்தது. அவர் அலறிக்கொண்டே என்னை விடாமல் இழுத்தார். வெளிச்சத்துக்கு வந்து விழுந்தபோது அவர் முன்னங்கையில் தோல், பால் ஆடை போலச் சுருண்டிருந்தது.

முதலில் பார்த்தது மாமா. எரிகிற போர், அதன் முன்னால் என் காலைப் பிடித்திருக்கும் அண்ணன். "மச்சான்! புள்ளையத் தீயில போடுறான், ஓடியாங்க!" என்று கத்தினார். அப்பா மண்வெட்டிக் காம்போடு வந்தார்.

"சித்தப்பா, புள்ள உள்ள இருந்தது எனக்குத் தெரியாது சித்தப்பா, நாந்தான் இழுத்தாந்தேன்…" அண்ணன் வெந்த கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சொன்னார். காம்பு அந்தக் கைகளிலேயே விழுந்தது. பிறகு விலாவில். பிறகு முழங்காலில், நான்கைந்து முறை, ஒரே இடத்தில். முழங்கால் எதிர்ப்பக்கமாக மடங்கியது. மாமா அவரை இழுத்துப் போய் வண்டிச் சக்கரத்தில் கட்டினார். நான் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். "இல்லை" என்ற ஒரு சொல் என் தொண்டையில் இருந்தது. வரவில்லை.

பெரியப்பா அரிவாளோடு வந்தார். பின்னால் நாலு பேர். பெண்கள் நடுவே விழுந்து தடுத்தார்கள். எறிந்த கல்லொன்று அம்மாவின் நெற்றியைப் பிளந்தது. ஊர்த் தலையாரி முன்னமே ஸ்டேஷனுக்கு ஓடியிருந்ததால், ஏட்டும் இரண்டு போலீசும் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். சில நிமிஷம் பிந்தியிருந்தால் அன்று அங்கே பிணம் விழுந்திருக்கும்.

ஏட்டு எல்லோரையும் லத்தியால் விலக்கிவிட்டு என் முன்னால் நின்றார். "என்ன நடந்துச்சு, சொல்லு பாப்பா."

"சொல்லு!" என்றார் அப்பா. "இவந்தான ஒன்னயத் தூக்கித் தீயில போட்டான்?"

"புள்ளைய மெரட்டுறாங்ய, பாருங்க ஏட்டய்யா!" என்று பெரியப்பா.

அம்மா ஒரு கண் முழுக்க ரத்தத்தோடு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லித் தொலடி! இன்னைக்குமாடி ஒனக்கு அழுத்தம்?"

ஏட்டு லத்தியைத் தரையில் அடித்தார். "பேசு! பேசலைன்னா அவங்க சொல்றதத்தான் எழுதுவேன். கொல முயற்சி. பய வெளியவே வர முடியாது."

சக்கரத்தில் அண்ணனின் தலை தொங்கியது. வாய்கள் அசைவதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் செய்தது, என் வாழ்நாளில் நான் செய்த காரியங்களில் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். ஏட்டின் அரைக்கால் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். நான் மாட்டுக் கொட்டத்தைக் காட்டினேன். இழுத்துக்கொண்டே நடந்தேன். உள்ளே போனதும் வாசல் படலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. படலை இழுத்துச் சாத்தினார்.

நான் கல்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, வெந்த கையைத் தண்ணீரில் விட்டேன். நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டேன். "ம், சொல்லு" என்றார். தலையை ஆட்டினேன், இன்னும் இல்லை என்று. ஏட்டு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். பீடி ஒன்றைப் பற்றவைத்து, அது தீரும் வரை ஒன்றும் கேட்கவில்லை. அது பொறுமையா, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவருக்கு நன்றி.

"தீ வச்சது அண்ணன்தான்" என்றேன். "காலப் பாத்தேன். நான் உள்ள இருந்தது அதுக்குத் தெரியாது. என்னய இழுத்தாந்ததும் அண்ணன்தான். நாந்தான் வரமாட்டேன்னு உள்ளுக்குப் போனேன். அதுல அதுக்குக் கை வெந்துருச்சு. அப்புறம் அப்பா அடிச்சுக் கால ஒடிச்சுட்டாரு."

"தீயப் பாத்தும் நீ ஏன் வெளிய வரல?"

"வெளிய சத்தமா இருந்துச்சு."

அவர் நோட்டை எடுத்து எழுதினார். எழுதியதை எனக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினார்.

இரண்டு வீட்டுக்கும் நான் ஆகாதவளானேன். "தீ வச்சது என் மகன்னு சொல்லிட்டாளே" என்று பெரியப்பா வீட்டில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அண்ணனைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அப்பாவை ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவர் வண்டிச் சாட்டையை எடுத்தார். "பெத்த அப்பனக் காட்டிக் குடுத்த நாக்கா இது? இம்புட்டு நாளும் இல்லாத பேச்சு அன்னைக்கு எங்கருந்துடி வந்துச்சு?" சாட்டை கட்டுப் போட்ட கையிலும் பட்டுக் கட்டு அவிழ்ந்தது. அம்மா கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த துணியில் நீரும் ரத்தமும் இறங்கியதைப் பார்த்ததும் வந்து என்மேல் விழுந்தாள். மிச்ச அடி அவளுக்கு.

தீ வைத்ததற்கும் காலை ஒடித்ததற்கும் போட்ட இரண்டு வழக்கும் பின்னால் ஒன்றுமில்லாமல் போயின. சாட்சிகள் பின்வாங்கினார்கள். ஊர்ப் பெரியவர்கள் கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீரை அளந்து, பாதிப் பாதியாக முறை வைத்தார்கள். ஆனால் அண்ணனின் கால் நேராகவே இல்லை.

சாட்டையடி விழுந்த மறுநாள் அம்மா கற்றாழைச் சோற்றை என் கையில் வைத்துத் தடவியபடி கேட்டாள். "அங்ஙன போயி அப்பிடி என்னடி பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"சும்மாவா இருப்ப?"

"சும்மாதான்."

அம்மா தடவுவதை நிறுத்தினாள். "சும்மா இருக்க ஒனக்கு ஒரு எடம் இருந்துருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொருத்தி கழுத்தில் இருக்கும் நகையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்த வாரம், தானியம் போட்டு வைக்கும் உள்ளறையில் இரண்டு மண்மொடாக்களை நகர்த்தி, சுவரோரமாக ஒரு மூலை ஒதுக்கினாள். பழைய சேலை ஒன்றைக் கிழித்துத் திரை கட்டினாள். "இனிமே இங்ஙன இரு. இங்க எவனும் தீ வைக்க முடியாது" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்ட விதம் அதுதான் என்று புரிய எனக்கு நாற்பது வயதானது.

பின்னால் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு அண்ணன் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். மேளமும் கூட்டமும் தாங்காமல் நான் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அருகில் வந்து, "சத்தமா இருக்குல்ல பாப்பா? உள்ள போயிக் கொஞ்சம் இருந்துட்டு வா. ஆரும் வராம நான் பாத்துக்கிறேன்" என்றார். தழும்பேறிய கையால் கதவைச் சாத்தி, கம்பை நிலையின் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் மாப்பிள்ளை வீட்டார் யாரையும் விடவில்லை. எங்களுக்குள் அந்தக் கோடையைப் பற்றி ஒரு பேச்சும் நடந்ததில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். கதவைச் சாத்துவேன். கையைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவேன். மூச்சை மெதுவாக விடுவேன். உடம்பு நான் சொன்னபடி கேட்கும் வரை யாருக்கும் பதில் சொல்லமாட்டேன். பிறகு வந்து எல்லோரையும் போல இருப்பேன். ஒளிவது என்று நீங்கள் சொல்லலாம். அன்று மாட்டுக் கொட்டத்தில் அப்படி ஒளியாமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் ஆடியில் மழை வந்தது. கிணறு ஏறியது. ஆனாலும் அப்பாவின் கை சும்மா இருக்கப் பழகவில்லை. ஒரு மத்தியானம், சோறு குழைந்துவிட்டது என்று கும்பாவைத் தூக்கி அம்மாவின் முகத்தில் எறிந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். வெண்கலம் தரையில் உருண்டு அடங்குவது கேட்டது. அதன் பிறகு வழக்கமாக அம்மாவின் அழுகை கேட்கும். அன்று கேட்கவில்லை. திரை விலகியது.

அம்மா உள்ளே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. முந்தானையில் சோற்றுப் பருக்கைகள். "கொஞ்சம் தள்ளிக்கடி. செத்த நேரம்" என்றாள். மொடாவுக்கும் சுவருக்கும் நடுவே என் பக்கத்தில் தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள். நான் மூச்சு விடும் வேகத்துக்கு அவள் மூச்சும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

"எங்கடி போன?" வெளியே அப்பா கத்தினார். அம்மா பழக்கத்தில் எழப்போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், உன்னயத்தான்! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"அம்மா தூங்குது" என்றேன். கத்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் கத்தும்போது அவருக்குக் கேட்கும்படி நான் சொன்ன முதல் சொல் அது. அப்பாவின் காலடி திரைவரை வந்தது. சேலைத் துணிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கும் நிழல் தெரிந்தது. பிறகு திரும்பி, கும்பாவை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார்.